மொட்டைமாடியில் காய்ந்த மண்

1. டிபன் பாக்ஸ்

அந்தப் பெண் என் மேசைமேல் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை வைத்தபோது, சாப்பாட்டைக் கீழே வைக்க மனமில்லாமல் அங்கே வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மூடியைத் திறந்தார். உள்ளே கறுப்பாக, ஈரமாக மண் இருந்தது. அறை முழுக்க மண்ணெண்ணெய் வாடை பரவியது.

"மோந்து பாருங்க மேடம்" என்றார்.

மோந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பக்கத்து மேசையில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வந்தவர் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினார். எங்கள் லேப் கொடுத்த மண் பரிசோதனை ரிப்போர்ட் அது. அடியில் என் கையெழுத்து. மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், அதாவது மண்ணில் கலந்திருக்கும் மண்ணெண்ணெய், டீசல், ஃபர்னஸ் ஆயில் வகையறா எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று சொல்லும் வரிக்கு எதிரே இரண்டே எழுத்து: என்.டி.

"என்.டி.ன்னா இன்னா மேடம்?"

"நாட் டிடெக்டட். அப்படி எதுவும் தென்படலைன்னு அர்த்தம்."

"என் மூக்குக்குத் தென்படுதே. உங்க மிஷினுக்குத் தென்படலியா?"

வேலூரில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கெமிஸ்டாக இருந்தவள் நான். தோல் பட்டறைக் கழிவுநீர், கிணற்றுத் தண்ணீர், மண் என்று எத்தனையோ ஆயிரம் சாம்பிள் பார்த்திருக்கிறேன். ஆடிட்டர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "உட்காருங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பெயர் தாஹிரா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவர். வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி, மூடிப்போன ஒரு தோல் தொழிற்சாலை. அந்த இடத்தை ஒரு புரமோட்டர் வாங்கி, சிவப்பு மண் கொட்டி நிரவி, வீட்டு மனை போட்டுக்கொண்டிருந்தார். தாஹிரா வீட்டு போர்வெல்லில் வரும் தண்ணீரில் இரண்டு வருஷமாகவே வாடை. செப்டிக் டேங்க்குக்குக் குழி தோண்டியபோது ஐந்தடியில் இந்த மண் வந்திருக்கிறது. தெருக்காரர்கள் புரமோட்டரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் என் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"லேப்லயே ஒண்ணும் இல்லன்னு குடுத்துட்டாங்க, நீங்க இன்னா விஞ்ஞானியான்னு கேட்டாரு மேடம். அத்தோட யாரும் பேசல. வந்துட்டோம்."

அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"என் பொண்ணு ஏழாவது படிக்கறா. அந்தத் தண்ணியிலதான் யூனிஃபார்ம் துவைக்கறேன். உம்மேல ஸ்டவ் வாசன வருதுன்னு கிளாஸ்ல பசங்க சொல்றாங்களாம். நாலு நாளா ஸ்கூலுக்குப் போமாட்டேங்கறா. நீங்க சொல்லுங்க மேடம், அவளுக்கு நான் இன்னா சொல்றது? என்.டி.ன்னு சொல்லட்டா?"

2. இரண்டு நாள் வெயில்

அவர் போன பிறகு அந்த ரிப்போர்ட்டின் ஒர்க்‌ஷீட்டைத் தேடி எடுத்தேன். எடுத்துப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல்தான்.

சாம்பிளை எங்கள் ஆட்கள் போய் எடுக்கவில்லை. புரமோட்டரின் ஆட்களே பிளாஸ்டிக் கவரில் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்திருந்தார்கள். ஆழம் ஒரு அடி. அதாவது எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கிய சிவப்பு மண். தோல் தொழிற்சாலையின் மண்ணே அல்ல. சரி, அது அவர்கள் செய்த வேலை. எங்கள் லேப்பில் என்ன செய்தோம்? அந்த மண்ணை டிரேயில் பரப்பி, மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்து, அதன் பிறகு டெஸ்டுக்கு எடுத்திருக்கிறோம்.

இதைப் படிக்கும் இளம் கெமிஸ்டுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணைக் காயவைத்துச் சலிப்பது நெல் வயலுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து பார்க்கிற முறை. மண்ணெண்ணெய் அப்படி உட்கார்ந்திருக்காது. வேலூர் வெயிலில் ஈரத்துணி காய்கிற மாதிரி பறந்துவிடும். எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வந்த மண்ணிலிருந்து எண்ணெயை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, அப்புறம் மிஷினில் ஏற்றி, எதுவும் இல்லை என்று எழுதினோம்.

முறையாகச் செய்வதென்றால் ஆகர் என்கிற மண் துளைக்கும் திருகாணியால் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும். எடுத்ததைக் கண்ணாடி ஜாடியில் காற்றுக்கு இடம் விடாமல் வாய்வரை அழுத்தி நிரப்பி, உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடாது, அது எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஈரத்தோடுதான் டெஸ்ட் செய்ய வேண்டும். ஈரம் எவ்வளவு என்பதைத் தனியாக வேறொரு பிடி மண்ணில் பார்த்துக் கணக்கில் கழிக்க வேண்டும். இதெல்லாம் எங்கள் அலமாரியில் ஃபைலாக இருந்தது. ஆடிட் வரும்போது தூசி தட்டி மேசைமேல் வைப்போம்.

இதில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு மொத்தம் எத்தனை ரிப்போர்ட்டில் போட்டேனோ தெரியவில்லை. ஒர்க்‌ஷீட்டைப் புரட்டாமல் கடைசித் தாளை மட்டும் பார்த்துப் போட்டிருக்கிறேன். புரமோட்டர் ஏமாற்றினார் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

3. தாஹிராவும் கஸ்டமர்தான்

எங்கள் லேப்பின் டைரக்டர் தயாளன் சார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் கஸ்டமர் முகம் சுளித்தால் அவருக்குத் தூக்கம் வராது.

ஒர்க்‌ஷீட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"சாம்பிள் அவங்க குடுத்தாங்க, நாம டெஸ்ட் பண்ணோம். சாம்பிள் கஸ்டமர் கொடுத்ததுன்னு கீழ போட்டிருக்கோம்ல மேடம்?"

"கண்ணுக்குத் தெரியாத எழுத்துல போட்டிருக்கோம் சார். மண்ண காயவச்சது நாமதான?"

"எல்லா மண்ணையும் அப்படித்தான செய்யறோம்?"

"அதான் சார் தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம். எதுக்கு மேடம் இந்த பேஜாரு?"

சைட்டுக்குப் போய் நாமே சாம்பிள் எடுத்து வரலாம் என்றேன். புரமோட்டர் கேட்காமல் போக முடியாது என்றார். அதில் நியாயம் உண்டு. அடுத்தவர் இடத்தில் நாம் போய்த் தோண்ட முடியாது. ஆனால் தாஹிராவின் கொல்லை தாஹிராவுடையது. மறுநாள் அவரை வரச்சொல்லி, வழக்கமான விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கி, ரிஜிஸ்டரில் பெயர் எழுதிவிட்டு தயாளன் சாரிடம் காட்டினேன்.

"இவங்களும் கஸ்டமர்தான் சார்."

அவர் ரிஜிஸ்டரை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பள்ளிகொண்டாவில் என் வீடு. அங்கிருந்தே நெடுஞ்சாலையில் ஆம்பூர் பஸ் ஏறிவிட்டேன். மடியில் ஐஸ் பெட்டி. ஆகரைத் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். கடப்பாரை என்று நினைத்து கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

தாஹிராவின் கொல்லை ஒரு கட்டில் போடும் அகலம்தான். ஆகரை எங்கே இறக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த ஒருவர் உள்ளே வந்தார். அறுபது வயதிருக்கும். கைவிரல் நகங்கள் கறுத்துப்போய் ஓரங்கள் சிதைந்திருந்தன. பெயர் முனிரத்தினம். மூடிப்போன அந்தத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் வேலை பார்த்தவர்.

"அங்க வேணாம்மா. சொவத்துக்கு இந்த மூலையில போடுங்க. அந்தப் பக்கம் நேரா டேங்க் இருந்திச்சு."

"என்ன டேங்க்?"

"சீமெண்ண டேங்க். மண்ணுக்குள்ள பொதச்சது. செம்மறித் தோல்ல கொழுப்பு ஜாஸ்தி. சீமெண்ண ஊத்தி டிரம்ல சுத்துனாத்தான் எறங்கும். தோல்லேந்து வழியறத தெறந்த கால்வாயில உட்டுருவாங்க. அது ஒரு பக்கம். டேங்க்கே ஓட்ட. ரொப்புன ரெண்டு நாள்ல கோல் உட்டுப் பாத்தா அளவு கம்மியா இருக்கும். நான் சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"கொறஞ்சா வாங்கி ஊத்திக்கலாம், நீ உன் வேலயப் பாருன்னாரு."

அவர் காட்டிய மூலையில் ஆகரை இறக்கினோம். மூன்றடி வரை சாதாரண மண். நாலடியில் சாம்பல் நிறம். ஐந்தடியில் ஆகர் அந்த வாடையோடு வெளியே வந்தபோது தாஹிராவின் மகள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போனாள். குழியில் ஊறிய தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு ஜாடி நிரப்பினேன். முனிரத்தினம் ஒவ்வொரு ஜாடியையும் வாங்கி மூடியை இறுக்கிக் கொடுத்தார். அந்தச் சிதைந்த நகங்களை நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "தோல் ஊறப்போடற சுண்ணாம்புக் குழியில போனது" என்றார். அடுத்த ஜாடிக்குக் கையை நீட்டினார்.

4. ஆட்டுக் கொழுப்பா?

ஈர மண்ணில் சோடியம் சல்பேட் கலந்து நீரை வாங்கினேன். கரைப்பான் ஊற்றி அல்ட்ராசோனிக் தொட்டியில் அதிரவிட்டு எண்ணெயைப் பிரித்தேன். கரைப்பான் தேன் நிறத்தில் இறங்கியது. புரமோட்டர் கொடுத்த சிவப்பு மண்ணுக்கு அது தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்திருக்கும்.

அதற்குள் செய்தி புரமோட்டருக்குப் போய்விட்டது. அவர் வைத்திருந்த கன்சல்டன்ட் தயாளன் சாருக்கு போன் செய்தார். தயாளன் சார் என்னிடம் வந்தார்.

"மேடம், அது எல்லாம் ஆட்டுக் கொழுப்புங்கறாங்க. தோல் பதமாக்க மீன் எண்ணெய் வேற போடுவாங்க. அந்தக் கொழுப்புதான் உங்க டெஸ்ட்ல வருதாம். பெட்ரோல் சமாச்சாரம் இல்லியாம்."

இது முட்டாள்தனமான வாதம் இல்லை. கரைப்பானுக்கு ஆட்டுக் கொழுப்பும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான், இரண்டையும் இழுத்துக்கொண்டு வரும். தோல் தொழிற்சாலை மண்ணில் கொழுப்பு இல்லாமல் இருக்காது. ஆனால் அதைப் பிரிக்க வழி இருக்கிறது. சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியாக அந்தக் கரைசலை விட்டால் கொழுப்பு ஜெல்லில் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலிய எண்ணெய் ஒட்டாமல் கீழே இறங்கிவிடும். கீழே இறங்கியதைத்தான் கலவையைப் பிரித்துக் கிராஃபாகக் காட்டும் ஜி.சி. மிஷினில் ஏற்ற வேண்டும்.

அப்படியே செய்தேன். இன்னும் மூன்று காரியமும் செய்தேன். ஆலங்காயம் பக்கம் காட்டோரத்திலிருந்து சுத்தமான மண் கொண்டுவந்து அதையும் கூடவே டெஸ்ட் செய்தேன், கோளாறு எங்கள் பாட்டிலிலோ கரைப்பானிலோ இல்லை என்று காட்ட. கடையில் வாங்கிய மண்ணெண்ணெயைத் தனியாக அதே மிஷினில் ஓட்டினேன். கடைசியாக, அந்த ஐந்தடி மண்ணிலேயே பாதியைப் பிரித்து, பழைய வழக்கப்படி மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்து அதையும் ஏற்றினேன்.

காட்டு மண்ணின் கிராஃப் வெறும் கோடு. ஐந்தடி மண்ணின் கிராஃப், சீப்புப் பல் மாதிரி வரிசையாக எழுந்து நின்றது. கடை மண்ணெண்ணெயின் கிராஃபை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். பல்லுக்குப் பல் பொருந்தியது. ஆரம்பத்துப் பற்கள் மட்டும் கொஞ்சம் குட்டை. மண்ணுக்குள் கிடந்த வருஷங்கள் தின்றது அது.

மொட்டைமாடியில் காய்ந்த மண்ணின் கிராஃபில் அந்தச் சீப்பு முக்கால்வாசி உதிர்ந்திருந்தது.

தயாளன் சார் நாலு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் கெமிஸ்ட்தான். ஆனாலும், "இத வெளிய குடுத்தா இதுவரைக்கும் நாம குடுத்த மண் ரிப்போர்ட் எல்லாத்தையும் கேப்பாங்களே மேடம்" என்றார்.

"கேக்கணும் சார்" என்றேன்.

மண்ணுக்குள் விஷம் இருப்பது எங்கள் ஊர்களில் புதிதல்ல. அது பழகிப்போன விஷயம். ஆனால் விஷம் இல்லை என்று நாங்கள் அச்சடித்து, முத்திரை குத்தி, உறையில் போட்டுக் கொடுத்தோமே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

5. கையெழுத்தைத் திரும்ப வாங்கியது

தாஹிராவின் ரிப்போர்ட் முறைப்படி அவர் கைக்குப் போயிற்று. ஆனால் பழைய ரிப்போர்ட் புரமோட்டர் கையில் உயிரோடு இருந்தது. அதை வைத்துக்கொண்டு, தாஹிராவின் கொல்லை அசுத்தம், தன் மனை சுத்தம் என்று அவர் சொல்ல முடியும். சொன்னார்.

எங்கள் தர நடைமுறைக் கையேட்டில் ஒரு விதி உண்டு. கொடுத்த ரிப்போர்ட்டில் தவறு தெரியவந்தால் லேப் தானாகவே கஸ்டமருக்கு எழுதி அதைத் திரும்பப் பெற வேண்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து தயாளன் சார் மேசைமேல் வைத்தேன். ஒரு வாரம் அது அங்கேயே திறந்தபடி கிடந்தது. பிறகு யாரோ மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

நானே எழுதினேன். சாம்பிள் எடுத்த விதமும் நாங்கள் காயவைத்த விதமும் இந்தப் பரிசோதனைக்குப் பொருந்தாதவை, ஆகவே இந்த ரிப்போர்ட்டில் உள்ள என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அரைப் பக்கம். புரமோட்டருக்கு ஒன்று, உரிய அரசு அலுவலகத்துக்கு ஒன்று, லேப்புக்கு ஒன்று. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

புரமோட்டர் நேரிலேயே வந்தார். நான் எதிர்பார்த்தபடி கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்.

"மேடம், பூமின்னா ஏதாச்சும் ஒரு வாசம் வரத்தான் செய்யும். நாளைக்கே நூறு குடும்பம் வந்து வீடு கட்டப் போவுது. வயித்துல அடிக்கறீங்களே."

"அந்த நூறு குடும்பமும் போர் போடுவாங்க இல்லீங்களா?"

"அது அவங்க பாடு."

இந்த மூன்று சொல்லைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை. அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடுகூடச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி சொன்னார்.

அடுத்த வாரம் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கெமிக்கல் ஸ்டோரில் பாட்டில்களின் காலாவதித் தேதி பார்க்கும் வேலை கொடுத்தார்கள். "கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றார் தயாளன் சார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

6. முனிரத்தினம் நின்ற இடம்

அரசு அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். தெரு முழுக்கக் கூடியிருந்தது. அவர் என் கிராஃபைப் பார்த்தார், தாஹிராவின் போர் தண்ணீரை மோந்தார், மனையைச் சுற்றி நடந்தார். புரமோட்டரின் கன்சல்டன்ட் பக்கத்திலேயே நடந்தார். இங்கே டேங்க் எதுவும் கிடையாது, பழைய வரைபடத்தில் இல்லை என்று தாளை விரித்துக் காட்டினார்.

அதிகாரி, "டேங்க் எங்க இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?" என்றார்.

முனிரத்தினம் கூட்டத்திலிருந்து விலகி, தாஹிரா வீட்டுப் பின்சுவரில் ஒரு கையை வைத்து, அங்கிருந்து எண்ணி நடந்தார். ஒரு மனைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று குதிகாலால் தரையை மிதித்தார்.

அதிகாரி சொல்லி ஜே.சி.பி. வந்தது. சிவப்பு மண்ணை வழித்தெடுத்தது. அதன் கீழ் கறுப்பு மண். அதற்கும் கீழே பக்கெட்டின் பல் இரும்பில் பட்டுக் கீச்சிட்டது. துருப்பிடித்த டேங்கின் முதுகு தெரிந்தபோது தாஹிரா முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். வாடைக்காகப் பொத்தினார் என்று நினைத்தேன். இல்லை, அழுதுகொண்டிருந்தார்.

"ஏன்யா, இத்தன வருஷம் இத யார்கிட்டயும் சொல்லலியா?" என்று அதிகாரி கேட்டார்.

"டேங்க் ஓட்டயானப்பவே சொன்னேன் சார். அப்புறம் இங்க வந்தவங்க யாரும் என்னக் கேக்கல. மண்ணு அள்ளிட்டுப் போனவங்க, படம் புடிச்சிட்டுப் போனவங்க, எல்லாரும் என் வீட்டத் தாண்டித்தான் போனாங்க."

என் தலை தானாகக் குனிந்தது. தாண்டிப் போனவர்களில் எங்கள் லேப் ஆட்கள்கூடக் கிடையாது. நாங்கள் அந்தத் தெருவுக்கே வரவில்லை.

7. இப்போது

டேங்க்கை எடுத்துவிட்டார்கள். தாஹிராவின் போரை மூடி, தெருவுக்கு நகராட்சிக் குழாய் கொடுத்தார்கள். அவர் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இவ்வளவும் நல்லது.

தோண்டிய கறுப்பு மண்ணை அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அதை மனையின் ஓரத்திலேயே குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. தார்ப்பாய் கிழிந்துவிட்டது. டேங்க் இருந்த இடத்தையும் அடுத்த மூன்று மனையையும் விட்டுவிட்டு மற்ற எல்லா மனையும் விற்றுப்போயின. எங்கள் லேப்பில் மண்ணைக் காயவைக்கும் முறையை மாற்றினார்களா என்று விசாரித்தேன். முறை மாறவில்லை. ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: இந்த முடிவுகளைச் சட்ட நடவடிக்கைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

நான் ஸ்டோர் ரூமிலிருந்தே ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இரண்டுதான். மண்ணில் ஆகரை இறக்குவதற்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். எந்த மிஷினுக்கும் தெரியாதது அவருக்குத் தெரியும். இரண்டாவது, ரிப்போர்ட் கொடுத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று நம்பாதீர்கள். அப்படி நம்பித்தான் நான் முப்பது வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் அந்த அதிகாரிக்கு போன் செய்கிறேன். இப்போதெல்லாம் என் நம்பரைப் பார்த்ததுமே அவர் பேச ஆரம்பித்துவிடுகிறார். போன வாரமும் பேசினோம்.

"ஃபைல் மேல போயிருக்கு மேடம். மழைக்கு முன்னாடி மண்ண எடுத்துருவோம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. எந்த வருஷத்து மழைக்கு முன்னாடின்னு எழுதிக் குடுங்க சார்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. நான் போனை வைக்கவில்லை.